பெட்டியில் ஆறு, படத்தில் நான்கு

ஏழு வாரமாக ஒரே படம். பனியுகப் புல்வெளியில் சாயங்கால வெளிச்சத்தில் நான்கு கம்பளி மாமூத்கள், அதாவது யானையின் அழிந்துபோன உறவுகள், நடந்து போகின்றன. தூரத்தில் ஒரு கம்பளிக் காண்டாமிருகம் தலை குனிந்து மேய்கிறது. 60-க்கு 90 சென்டிமீட்டர் கேன்வாஸ், ஆயில் பெயின்ட். இந்தப் படத்துக்காகவே மண் நிறங்கள் மட்டும் அடங்கிய பெட்டி ஒன்று வாங்கினேன். 40 மில்லி குழாய்கள் ஆறு: எல்லோ ஓக்கர் எனும் மஞ்சள் காவி, ரெட் ஓக்கர் எனும் செங்காவி, ரா அம்பர், ஐவரி பிளாக், டெர் வெர்ட் எனும் மண் பச்சை, டைட்டானியம் ஒயிட். படம் போன வாரம் முடிந்தது. பெட்டியைப் பற்றி எழுத இதுதான் சரியான நேரம். பிரித்த அன்றே எழுதியிருந்தால் அட்டையைப் பற்றித்தான் எழுதியிருப்பேன்.

நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. ஆயில் பெயின்ட்டில் குழாயின் முன்னால் இருக்கும் பெயரை விட, பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் நிறமி எண்தான் முக்கியம்; உள்ளே உண்மையில் எந்த நிறமி இருக்கிறது என்று சொல்லும் குறியீடு அது. அந்த எண்ணைப் பார்த்து வாங்கத் தெரிந்தால் யாருடைய பெட்டியாக இருந்தாலும் இங்கே சொல்வது உதவும். இந்தப் பாடத்தை இந்தப் பெட்டியே எனக்கு நன்றாகச் சொல்லிக் கொடுத்தது. ஆறில் நான்கு குழாய்கள் அருமை. இரண்டை நான் மூடி வைத்துவிட்டேன்.

முதலில் அருமையானவை.

ரா அம்பர்தான் இந்தப் பெட்டியின் உயிர். பி.பி.ஆர். 7 என்று போட்டிருக்கிறது, இயற்கை மண். அம்பரில் இரும்பு ஆக்சைடோடு மாங்கனீசு ஆக்சைடும் கலந்திருக்கும். எண்ணெய் சீக்கிரம் காய்வதற்கு மாங்கனீசு உதவும். அதனால் அடிவரைவுக்கு இதைப் போல ஒன்று கிடையாது. டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து முழு கேன்வாஸிலும் தடவினேன். வெளிச்சம் வர வேண்டிய இடங்களைப் பழைய பனியன் துணியால் துடைத்து எடுத்தேன். முதுகின் மேல்விளிம்பு, தந்தத்தின் வளைவு, புல்லின் மேல் விழும் சாய்ந்த வெயில், எல்லாம் துடைத்தே வந்தவை. துடைக்கத் துடைக்க இருட்டுக்குள்ளிருந்து விலங்கு எழுந்து வருவதைப் பார்ப்பது இந்த வேலையிலேயே எனக்கு மிகப் பிடித்த நேரம். மறுநாள் சாயங்காலம் தொட்டுப் பார்த்தேன். விரலில் ஒட்டவில்லை.

பிரான்சில் ரூஃபின்யாக் என்ற குகை இருக்கிறது. அதன் சுவர்களிலும் கூரையிலும் 150-க்கும் மேற்பட்ட மாமூத்கள் இருக்கின்றன. அங்கே கறுப்புக் கோடுகளாக வரைந்திருப்பவை மாங்கனீசு ஆக்சைடால் ஆனவை. மாமூத்தைக் கண்ணால் பார்த்த மனிதர் கையில் பிடித்திருந்த அதே உலோகத்தின் மண் என் குழாயிலும் இருக்கிறது என்று நினைத்தபோது, உண்மையாகவே கை ஒரு நொடி நின்றது. மண் நிறப் பெட்டி வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அம்பரிடம் ஒரு குணம் உண்டு, தெரிந்துகொள்ள வேண்டும். காய்ந்ததும் அங்கங்கே பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்தது போல ஆகிவிடும். எண்ணெய் கீழே இறங்கிவிட்டது என்று அர்த்தம். அப்படியே மேலே வேலை செய்தால் நிறம் எவ்வளவு கருமை என்று கண்ணுக்குப் பிடிபடாது. ஆளிவிதை எண்ணெயை மிக மெல்லிசாகத் தேய்த்து, மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டால் பழைய ஆழம் திரும்பும். இது குறையல்ல, மண்ணின் இயல்பு.

அந்தத் துணிகளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். காயும்போது அது தானே சூடேறும், தீப்பிடிக்கவும் செய்யும். விரித்துக் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் அமுக்கி வையுங்கள்.

அடுத்தது மஞ்சள் காவி. பி.ஒய். 43, அதாவது நிலத்திலிருந்து எடுத்த மண். பி.ஒய். 42 என்றால் ஆலையில் செய்த இரும்பு ஆக்சைடு. அது மோசம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதற்கு வேகம் அதிகம், பக்கத்து நிறத்தை அமுக்கிவிடும். இந்த இயற்கைக் காவி சாதுவானது. பேலட் நைஃபால் கண்ணாடியில் இழுத்தால் மெல்லிய நறநறப்பு காதில் கேட்கும். காய்ந்த புல்லுக்கு இதை விட்டால் வேறு நிறம் தேட வேண்டியதில்லை.

ஏன் காய்ந்த புல் என்றால், என் முதல் திட்டத்தில் புல்லே இல்லை. மாமூத் என்றதும் எல்லோருக்கும் வருவது போல எனக்கும் வெள்ளை வெளேரென்ற பனிப்பரப்புதான் மனதில் வந்தது. அப்புறம் படிக்கப் படிக்கத்தான் புரிந்தது. மாமூத் வாழ்ந்த நிலம் கடுங்குளிர்தான், ஆனால் வறண்ட நிலம். புல்லும் பூண்டும் மண்டிய பரந்த வெளி. அத்தனை பெரிய உடம்புக்கு நாள் முழுக்க மேய வேண்டும். ஆளை முழுங்கும் பனியில் அது எதைத் தின்னும்? ஆகவே பனியை ஓரத்துப் பள்ளங்களில் மட்டும் விட்டுவிட்டு, இலையுதிர் காலத்துப் புல்வெளியாக மாற்றினேன். அந்த முடிவுக்குப் பிறகுதான் இந்தப் பெட்டியும் படமும் ஒன்றுக்கொன்று பொருந்தின.

செங்காவி பி.ஆர். 102. மஞ்சள் காவியைச் சுட்டால் அதிலிருக்கும் நீர் போய்ச் சிவப்பாகும். மண்ணிலேயே சிவப்பாகக் கிடைப்பதும் உண்டு. கற்கால மனிதர் கைப்பட்ட நிறம் இது. மாமூத்தின் மயிருக்கு இது எவ்வளவு வேண்டும் என்பதில் நான் இரண்டு வாரம் தடுமாறினேன். உறைநிலத்திலிருந்து கிடைத்த மயிர்கள் பல ஆரஞ்சு நிறத்தில் இருக்கின்றன. அதைப் பார்த்துப் படம் முழுக்கச் செம்பட்டை மாமூத்களாக வரைபவர்கள் நிறைய. ஆனால் ஆயிரக்கணக்கான வருடம் மண்ணுக்குள் கிடந்ததில் கருநிறமி அழிந்துபோனதும் அந்த ஆரஞ்சுக்கு ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கரும்பழுப்பு மயிரும் கிடைத்திருக்கிறது. அதனால் மூன்றை அம்பரும் கறுப்புமாகக் கருமையாக்கினேன். குட்டியை மட்டும் சற்றுச் செம்மையாக விட்டேன். செங்காவி ஒரு பட்டாணி அளவுதான் செலவானது. அதுவும் பெரும்பாலும் வெயில் பட்ட மயிர் நுனிகளில்.

ஐவரி பிளாக், பி.பி.கே. 9, எலும்பைக் கரியாக்கிச் செய்வது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் ஒதுக்கும் குழாய் இது. "கறுப்பு போட்டால் படம் செத்துப்போகும்" என்று எனக்கும் ஆரம்பத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். இந்தப் பெட்டியில் நீலம் கிடையாது. வானம் எப்படி வரும் என்ற பயத்தோடுதான் தொடங்கினேன். ஐவரி பிளாக்கோடு நிறைய வெள்ளை கலந்து கேன்வாஸில் வைத்தேன். பேலட்டில் சாதாரணச் சாம்பலாக இருந்தது, மஞ்சள் காவிப் புல்லுக்கு மேலே போனதும் நீலமாகத் தெரிந்தது! தனியாக ஒரு துண்டுக் காகிதத்தில் தடவிப் பக்கத்தில் பிடித்தேன், சாம்பல்தான். காவியின் சூட்டுக்குப் பக்கத்தில் கண் அதை நீலமாக எடுத்துக்கொள்கிறது. படத்தில் இருக்கும் குளிர் முழுக்க இந்தக் கறுப்பு கொடுத்தது.

ஒரு எச்சரிக்கை மட்டும். ஐவரி பிளாக் மெதுவாகக் காயும், எண்ணெயும் நிறையக் குடித்திருக்கும். அடிப்பூச்சாகத் தடிமனாக வைத்து அதன் மேல் சீக்கிரம் காயும் நிறத்தைப் போட்டால், மேலே காய்ந்த தோல், கீழே நெகிழும் படலம், நடுவில் வெடிப்பு. முன்பு ஒரு படத்தை நான் அப்படி இழந்திருக்கிறேன். இரவுக்காட்சி. இரண்டே வருடத்தில் வானத்தில் சிலந்திவலை போலக் கோடுகள். அதனால் இந்தப் படத்தில் கீழே அம்பர், கறுப்பு மேல்பூச்சில் மட்டும் என்று கறாராக வைத்துக்கொண்டேன்.

இனி மூடி வைத்த இரண்டு.

டெர் வெர்ட் என்று முன்னால் எழுதியிருந்த குழாயில், அதன் பக்கத்திலேயே சின்னதாக 'ஹ்யூ' என்றும் இருந்தது, அசல் நிறமி இல்லை, அதன் சாயலில் கலந்தது என்று அர்த்தம். அவசரத்தில் கவனிக்கவில்லை. உண்மையான மண் பச்சை பி.ஜி. 23. பலவீனமான, மங்கலான, கண்ணாடி போன்ற பச்சை. மூன்றாவது வாரம் ஒரு சனிக்கிழமை இரவு, தூரத்து மலைகளுக்குக் கொஞ்சம் ஈரம் கொடுக்கலாம் என்று அரிசி அளவு எடுத்துக் கலந்தேன். மலை பாசிக்குளமாக மாறியது. துடைத்தேன், பரவியது. தூரிகையைக் கழுவி வானத்தில் வைத்தேன், வானத்திலும் பச்சை. அப்புறம்தான் குழாயைத் திருப்பிப் பார்த்தேன். பி.ஜி. 7. தேலோ பச்சை, ரசாயன நிறமிகளில் மிக வீரியமானவற்றில் ஒன்று. கூட ஏதோ மஞ்சளும் பழுப்பும் சேர்த்து மண் போலக் காட்டியிருக்கிறார்கள். மண் நிறப் பெட்டி என்று அட்டையில் எழுதிவிட்டு உள்ளே இதை வைப்பது நியாயமில்லை. அந்த இரவு மலையை முழுவதும் சுரண்டி எடுக்க இரண்டு மணி நேரம் ஆனது.

நல்ல விஷயம் என்னவென்றால், அதன் பிறகு பச்சையே தேவைப்படவில்லை. மஞ்சள் காவியும் ஐவரி பிளாக்கும் கலந்தால் மங்கலான ஆலிவ் பச்சை வரும். புல்லின் அடித்தூருக்கும் நிழலுக்கும் அதுவே. பச்சைக் குழாய் செய்ய வேண்டிய வேலையை, பெட்டியிலேயே இருந்த மற்ற இரண்டு குழாய்கள் அதைவிட நன்றாகச் செய்தன.

வெள்ளையும் அப்படித்தான். முன்னால் டைட்டானியம் ஒயிட். பின்னால் பி.டபிள்யூ. 6-உடன் பி.டபிள்யூ. 4. நான்கு என்றால் ஜிங்க். ஜிங்க் வெள்ளை எண்ணெயில் வருடங்கள் போகப் போக நொறுங்கும் தன்மை பெறும் என்பது ஓவியப் பாதுகாப்புத் துறையில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் விஷயம். பயிற்சிக்குப் போடும் படமென்றால் பரவாயில்லை. ஏழு வாரம் உழைக்கும் படத்தில் வானம் முழுக்க அந்த வெள்ளையை வைக்க மனம் வரவில்லை. என்னிடம் முன்பே இருந்த, பி.டபிள்யூ. 6 மட்டும் உள்ள வெள்ளையைப் பயன்படுத்தினேன்.

நான்கு குழாயும் என் வெள்ளையும் சேர்ந்து என்ன செய்தன என்று ஒரே ஒரு இடத்தைக் கிட்டப்போய்ச் சொல்கிறேன். முன்னால் நடக்கும் பெண் மாமூத்தின் தோள்.

மயிர் வரைய உட்கார்ந்தால் கை தானாக நுனிப் பிரஷ்ஷைத் தேடும். ஒவ்வொரு மயிராக இழுக்கத் தோன்றும். அப்படி இழுத்த முதல் முயற்சி சீப்பால் வாரிய விக் போல இருந்தது. அதைத் துடைத்துவிட்டு, நுனி தேய்ந்து விரிந்துபோன பழைய பன்றி மயிர்த் தட்டைப் பிரஷ்ஷை எடுத்தேன். முதலில் தோளின் உருண்டையை மட்டும் மூன்று அளவுக் கருமையில், மயிரே இல்லாதது போல, ஈரமாக வைத்தேன். பிறகு காய்ந்த பிரஷ்ஷால், பெயின்ட் எடுக்காமலே, மயிர் விழும் திசையில் இழுத்தேன். தோளிலிருந்து கீழே, கழுத்தில் பின்னோக்கி, வயிற்றில் நேராகத் தொங்கி. கருமை வெளிச்சத்துக்குள் போய்க் கற்றை கற்றையாகப் பிரிந்தது. கடைசியாக மஞ்சள் காவியும் வெள்ளையும் கலந்து, தோளின் மேல்விளிம்பில், வானத்தைத் தொடும் இடத்தில் மட்டும் ஏழெட்டுக் கோடு. அவ்வளவுதான். மாமூத்தின் வெளிமயிர் மூன்றடி வரைகூட வளரும். அந்த நீளம் கோட்டில் வரவில்லை, விளிம்பு மங்கியதில் வந்தது. மண் நிறங்கள் ஒன்றோடொன்று ஈரத்தில் கலந்தாலும் சேறாகாததால்தான் இப்படி இழுக்க முடிந்தது.

அந்தத் தோள் சரியான இடத்தில் இருப்பதற்கு என் மகன்தான் காரணம். ஒன்பது வயது. இரண்டாவது வாரம் அடிவரைவைப் பார்த்துவிட்டு, "அம்மா, இது யானைதானே? மேல கம்பளி போர்த்திவிட்டுட்டியா?" என்றான். நின்று பார்த்தேன், சரியாகத்தான் சொன்னான். நான் வரைந்திருந்தது ஆசிய யானையின் முதுகு. மாமூத்துக்குத் தலை கூம்பாக உயர்ந்திருக்கும், பிடரியில் ஒரு பள்ளம், தோளில் திமில், அங்கிருந்து வால் வரை சரிவு. காது ஒரு அடி அளவுதான். பெரிய காது குளிரில் சூட்டை இழக்கும். வாலும் குட்டை. துதிக்கை நுனியில் மேலே விரல் போல ஒன்று நீண்டிருக்கும், கீழே அகலமாக இருக்கும். அன்றிரவே முதுகைத் துடைத்துத் திருத்தினேன். அம்பர் அடிவரைவு காய்ந்திருந்ததால் டர்பன்டைன் துணியால் கொஞ்சம் அழுத்தித் தேய்க்க வேண்டியிருந்தது. மூன்று நாள் கழித்திருந்தால் அதுவும் நடந்திருக்காது.

இன்னொன்றும் அப்போது செய்தேன், இதை எல்லோருக்கும் சொல்வேன். மாடலிங் களிமண்ணில் உள்ளங்கை அளவு மாமூத் ஒன்று பிடித்து, மேசை விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்துப் பார்த்தேன். அமெரிக்க ஓவியர் சார்லஸ் நைட் இப்படித்தான் செய்வார். 1874-இல் பிறந்தவர், சிறு வயதில் ஒரு கண்ணில் கல் பட்டுப் பார்வை குன்றியவர். சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகத்துக்கு 28 பெரிய சுவரோவியங்கள் வரைந்திருக்கிறார். உயிரோடு இல்லாத விலங்கின் நிழல் எங்கே விழும் என்று தெரிய அவர் சின்னச் சிற்பங்கள் செய்து வெயிலில் வைத்துப் பார்ப்பார். என் களிமண் பொம்மையில் நான் எதிர்பார்க்காத ஒன்று தெரிந்தது. தாழ்ந்த வெளிச்சத்தில் தந்தத்தின் நிழல் துதிக்கைக்குக் குறுக்கே வளைந்து விழுகிறது. படத்தில் அந்த நிழலை வைத்த பிறகுதான் தந்தம் முன்னால் வந்து நின்றது. தந்தத்துக்கு வெள்ளை போடாதீர்கள். வெள்ளையோடு மஞ்சள் காவி, நிழல் பக்கத்தில் ஒரு துளி அம்பர், அடியில் புல்லின் எதிரொளியாக மறுபடி காவி.

குழாய்களின் தரம் பற்றிச் சுருக்கமாக. நான்கிலும் நிறமி நிறைய இருக்கிறது, மாவு சேர்த்து நீட்டிய மாதிரித் தெரியவில்லை. மஞ்சள் காவியைத் திறந்தபோது மேலே கொஞ்சம் எண்ணெய் பிரிந்து வந்தது. காகிதத்தில் பிழிந்து சில நிமிடம் விட்டால் சரியாகிவிடும். அம்பர் மூடி மூன்றாவது நாளே இறுகிவிட்டது, சீக்கிரம் காயும் நிறம் என்பதால். மூடும் முன் புரியைத் துணியால் துடைப்பது நல்லது. இறுகிவிட்டால் வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்தால் போதும், இடுக்கி வேண்டாம், குழாய் முறுக்கிக் கிழியும்.

யார் வாங்கலாம்? பனியுகம் வரைபவர்கள், அதாவது மாமூத், காண்டாமிருகம், காட்டுக்குதிரை, கலைமான் என்று காய்ந்த புல்லும் தாழ்ந்த வெயிலும் உள்ள காட்சி வரைபவர்கள், கண்ணை மூடிக்கொண்டு மண் நிறங்களை எடுக்கலாம். நிறங்கள் எல்லாம் ஒரே குடும்பம் என்பதால் படம் சிதறாது. நிலக்கரிக் காலத்துச் சதுப்புக் காடோ, ஜுராசிக் கடலோ வரைவதென்றால் இது போதாது. அங்கே அல்ட்ராமரீன் நீலமாவது வேண்டும். ஆனால் இந்தப் பெட்டியாகவே வாங்குங்கள் என்று சொல்ல என்னால் முடியவில்லை. பி.ஒய். 43, பி.ஆர். 102, பி.பி.ஆர். 7, பி.பி.கே. 9 ஆகிய நான்கையும் தனித்தனிக் குழாயாக எடுங்கள். ஜிங்க் கலக்காத டைட்டானியம் வெள்ளை மட்டும் பெரிய குழாயாக. ஐந்து குழாயில் வேலை முடிந்துவிடும். பெட்டியாகத்தான் கிடைக்கிறது என்றால், திருப்பிப் பின்பக்கத்தைப் படித்துவிட்டு எடுங்கள். பின்பக்கத்தில் எண்ணே போடாத பெட்டியைத் தொடவே வேண்டாம்.

படம் இப்போது சுவரில் சாய்ந்து காய்கிறது. வார்னிஷ் போட ஆறு மாதமாவது காத்திருக்க வேண்டும், கறுப்பு இருக்கும் இடங்கள் இன்னும் ஒட்டுகின்றன. பெட்டியில் செங்காவி கிட்டத்தட்ட முழுசாக இருக்கிறது, மஞ்சள் காவி பாதி. அம்பர் குழாயை நான்காக மடித்துக் கடைசிச் சொட்டு வரை பிழிந்தாயிற்று. அதை மட்டும் தனியாக 200 மில்லி வாங்கிவிட்டேன். அடுத்த கேன்வாஸில் கம்பளிக் காண்டாமிருகம், இந்த முறை தூரத்தில் இல்லை, முன்னால். முதுகுத் திமிலை நேற்று இரவு துடைத்து எடுத்தேன். கொம்பு இன்னும் துடைக்கவில்லை, மகன் பள்ளியிலிருந்து வந்து பார்க்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.